பெல்ட்டை நிறுத்தும் கயிறு: நிலக்கரிச் சுரங்கமும் தனியார்மயமும்

அத்திப்பட்டு புதுநகரில் காலையில் மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைச் சாயங்காலம் எடுத்தால், மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு சாம்பல் கோடு இருக்கும். விரலால் தேய்த்தால் மை மாதிரி இழுக்கும். பாதி கரித்தூள், பாதி சாம்பல். எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உதறி மடித்து வைத்துவிடுவோம்.

அந்தக் கரி பெரும்பாலும் ஒடிசாவிலிருந்து வருகிறது. அங்குல் மாவட்டத்தில் தால்ச்சர் என்றொரு நிலக்கரி வயல் இருக்கிறது. மகாநதி கோல்ஃபீல்ட்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் சுரங்கங்கள் அங்கே. வெட்டிய கரி ரயிலேறிப் பாரதீப் துறைமுகம் போய், கப்பலில் எண்ணூர் வந்து, காமராசர் துறைமுகத்தில் இறங்கி, பெல்ட்டில் ஏறி வட சென்னை அனல் மின் நிலையத்துக்குப் போகிறது. ஒரு காலத்தில் பூம்புகார் கப்பல் கழகத்தின் ‘தமிழ் அண்ணா’, ‘தமிழ் பெரியார்’, ‘தமிழ் காமராஜ்’ கப்பல்கள் இந்தக் கரியைச் சுமந்தன. 2001ல் திறந்த எண்ணூர்த் துறைமுகமே முதலில் மின்வாரியத்தின் கரிக்காகக் கட்டியதுதான். சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்கி ராயபுரம் பக்கத்து வீடுகள் கறுத்துப்போய், உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு, 2011ல் அந்த வேலையும் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது.

என் மாமா, அம்மாவின் தம்பி, இருபது வருஷத்துக்கு மேல் ஒரு கரி பெல்ட்டில் காண்ட்ராக்ட் ஆளாக வேலை பார்த்தவர். நீளமான தகரக் கூண்டு, உள்ளே ஓடும் ரப்பர் பெல்ட், அதற்கு அடியில் வரிசையாக உருளைகள். பெல்ட்டிலிருந்து சிந்தும் கரி உருளைகளைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். அதை மண்வெட்டியால் வழித்து எடுப்பதுதான் அவர் வேலை. பெல்ட்டின் ஓரமாக, கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கயிறு நெடுக ஓடும். புல் கார்டு என்பார்கள். யார் வேண்டுமானாலும், எந்த இடத்தில் நின்றும் அதை இழுக்கலாம். இழுத்ததும் ஸ்விட்ச் விழுந்து பெல்ட் நின்றுவிடும். யாராவது நடந்துபோய் அந்த ஸ்விட்சைத் திரும்ப எடுத்துவிட்டால்தான் மறுபடி ஓடும். சட்டைக் கையோ மண்வெட்டிக் காம்போ உருளைக்குள் சிக்கினால், ஆளைக் காப்பாற்றுவது அந்தக் கயிறுதான்.

மாமாவின் வலது கையில் இரண்டு விரல் பாதிதான் இருக்கிறது. ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் வழிக்கும்போது போனது. கயிற்றை இழுத்து நிறுத்திவிட்டு வழித்திருக்கலாமே மாமா என்று ஒருநாள் கேட்டேன்.

“கயித்த இஸ்த்தா பெல்ட்டு நிக்கும்பா. எதுக்கு நின்னுச்சின்னு கேப்பான். ரெண்டு தபா இஸ்த்தவன நாளிக்கு கேட்லயே நிறுத்திடுவான்” என்றார்.

தனியார்மயம் வந்தால் சுரங்கத் தொழிலாளியின் பாதுகாப்பு என்ன ஆகும் என்ற கேள்விக்கு இதைவிடச் சரியான நுழைவாசல் எனக்குத் தெரியவில்லை. எல்லாச் சுரங்கத்திலும் ஏதோ ஒரு வடிவில் இந்தக் கயிறு உண்டு. காற்றில் வாயு ஏறுகிறது என்று சொல்லி ஆட்களை வெளியே கூட்டி வரும் அதிகாரம், மண்மேட்டில் விரிசல் தெரிகிறது என்று டம்பர் லாரியை நிறுத்தும் அதிகாரம், இன்று உள்ளே இறங்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை எல்லாம் அதே கயிறுதான். அதை இழுத்த பிறகும் மறுநாள் வேலை இருக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தூணைச் சீவிய காலம்

இந்தியாவில் நிலக்கரி முதலில் தனியார் கையில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள, நிலத்தடிச் சுரங்கம் எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பூமிக்கு அடியில் இருக்கும் கரியை ஒரேயடியாக வழித்து எடுத்துவிட முடியாது. குறுக்கும் நெடுக்குமாகச் சந்து வெட்டிக்கொண்டு போய், நடுநடுவே கரியையே பெரிய சதுரத் தூண்களாக விட்டு வைப்பார்கள். மேலே இருக்கிற பாறையைத் தாங்குவது அந்தத் தூண்கள்தான். பின்னால் தூணையும் எடுக்க நினைத்தால், காலியாகும் இடத்தில் மணலைத் தண்ணீரோடு கலந்து இறைத்து நிரப்பிக்கொண்டே வர வேண்டும். மணலுக்குக் காசு ஆகும், நாளும் ஆகும், அதனால் ஒரு கூடைக் கரிகூட அதிகமாகக் கிடைக்காது. மணலை விட்டுவிட்டுத் தூணை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினால் அன்றைக்கே லாபம். குத்தகைக்கு எடுத்தவர் வயலுக்கு எரு அடிக்க யோசிப்பாரே, அதே கணக்கு. தூண் மெலிந்து மேற்கூரை இறங்கும்போது யார் உள்ளே இருக்கிறாரோ அவர் போவார். ஜார்கண்டின் ஜரியாவில் 1916 வாக்கில் பிடித்த நிலத்தடித் தீ இன்றும் எரிகிறது. இப்படி அரைகுறையாக வெட்டிப் போட்டு, காற்று புகும்படி விட்டுப்போன சுரங்கங்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

1958 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் பகுதியின் சினாகுரி சுரங்கத்தில் வெடிவிபத்து, 170க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1965 மே 28 அன்று தோரி சுரங்கத்தில் 268 பேர். இரண்டும் தனியார் சுரங்கங்கள். கூலி வாரியம் பரிந்துரைத்த கூலியைத் தராத முதலாளிகளும், தொழிலாளியின் பி.எஃப். பணத்தைப் பிடித்துக்கொண்டு கட்டாத முதலாளிகளும் அப்போது சாதாரணம்.

இதை மாற்றியதில் முன்னால் நின்றவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலருக்கு மறந்துவிட்டது. சேலம் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் வந்து, கம்யூனிஸ்டாகிச் சிறை சென்று, சென்னையில் வழக்கறிஞராக இருந்து, மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் ஆன மோகன் குமாரமங்கலம், 1971ல் புதுச்சேரித் தொகுதியில் வென்று மத்திய எஃகு, சுரங்கத் துறை அமைச்சரானார். அந்த அக்டோபரிலேயே எஃகு ஆலைக்கான கோக்கிங் நிலக்கரிச் சுரங்கங்களின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1973 ஜனவரியில் மற்ற சுரங்கங்கள். 1973 மே 1, மே தினத்தன்று, அவையும் நாட்டுடைமை ஆயின. சரியாக ஒரு மாதம் கழித்து, மே 31 அன்று, டெல்லி அருகே நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார்.

ஆனால் நாட்டுடைமை ஆனதும் சாவு நின்றுவிடவில்லை. 1975 டிசம்பர் 27 அன்று இன்றைய ஜார்கண்டின் சாஸ்னாலாவில் பக்கத்துப் பழைய சுரங்கத்தில் தேங்கிக் கிடந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து 375 பேர் மாண்டார்கள். அந்தச் சுரங்கம் ஓர் எஃகு நிறுவனத்துக்குச் சொந்தமானது, அந்த நிறுவனத்தின் நிர்வாகம் அப்போது மத்திய அரசிடம் இருந்தது. 1995 செப்டம்பரில் கஸ்லிடாண்டில் ஆற்று வெள்ளம் புகுந்து 64 பேர் இறந்தது முழுக்க முழுக்கப் பொதுத்துறைச் சுரங்கத்தில். அரசு முதலாளியானாலே தொழிலாளி பத்திரம் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு ஊரின் பெயரையும் அவர் முன்னால் வைத்தாக வேண்டும்.

நாட்டுடைமைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில், ஆயிரம் தொழிலாளிக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்ற வீதம் இறங்கிக்கொண்டே வந்தது உண்மை. அதில் ஒரு பங்கு நிலத்தடியிலிருந்து திறந்தவெளிக்கு மாறியதால் வந்தது. மத்தியப் பொதுத்துறை நிறுவனமான கோல் இந்தியாவின் கரியில் 95 சதவீதத்துக்கு மேல் இன்று திறந்தவெளிச் சுரங்கத்தில் எடுப்பது. அங்கே கூரை இடிந்து விழுவதில்லை. மொத்தப் புகழையும் நாட்டுடைமைக்குக் கொடுப்பது நேர்மையாக இருக்காது.

நாட்டுடைமை வேறொன்றைக் கொடுத்தது. அது நிரந்தர வேலையும் சங்கமும். 1955ஆம் ஆண்டின் சுரங்க விதிகளின்படி, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சுரங்கத்தில் தொழிலாளிகள் தரப்பிலிருந்தே ஓர் ஆய்வாளர் இருக்க வேண்டும். அவர் சுரங்கத்தைச் சுற்றிப் பார்த்து, கண்ட குறையைப் பக்க எண் போட்ட பதிவேட்டில் எழுதுவார். அதற்கு என்ன செய்தோம் என்று மேலாளர் அதே பதிவேட்டில் பதில் எழுத வேண்டும். 100 பேருக்கு மேல் இருந்தால் பாதுகாப்புக் குழு வேண்டும். இந்த விதிகள் தனியார் சுரங்கத்துக்கும் உண்டு. ஆனால் மேலாளரின் குறையை எழுத்தில் எழுதுகிறவருக்கு நாளைக்கும் வேலை இருக்கும் என்ற நிச்சயம் வேண்டுமே. அந்த நிச்சயம் பரவலாக வந்தது நாட்டுடைமைக்குப் பிறகுதான்.

பெயர்ப்பலகை அப்படியே இருக்கிறது

தனியார்மயம் என்றதும் அரசு நிறுவனத்தை ஒரு முதலாளிக்கு விற்பதுதான் நினைவுக்கு வரும். நெய்வேலியில் நாம் பார்த்துப் பழகியதும் அதுதான். என்.எல்.சி. பங்கு விற்பனையை 2006ல் கூட்டணிக் கட்சியின் எதிர்ப்பு நிறுத்தியது. 2013ல் தமிழ்நாட்டுப் பொதுத்துறை நிறுவனங்களே 3.56 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டு வெளியார் கைக்குப் போகாமல் தடுத்தன. ஆனால் நிலக்கரியில் நடந்த பெரிய மாற்றம் பங்குச் சந்தை வழியாக வரவில்லை. சுரங்க வாசலில் பொதுத்துறைப் பலகை அப்படியே இருக்க, உள்ளே மண்வெட்டுகிறவரும் டம்பர் ஓட்டுகிறவரும் வேறொருவரின் ஆளாகிவிட்டார்கள்.

1975ல் கோல் இந்தியா தொடங்கியபோது ஆண்டுக்கு 8 கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கரி எடுத்தது. 2023-24ல் 77 கோடி டன்னைத் தாண்டியது. அதே நிறுவனத்தில் ஒரு காலத்தில் 6 லட்சத்துக்கு மேல் இருந்த நிரந்தரத் தொழிலாளர்கள் 2024ல் சுமார் 2.3 லட்சம் பேர்தான். ராட்சத இயந்திரங்கள் வந்ததும் இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், மேல்மண் அகற்றும் வேலையிலும் கரி வெட்டி ஏற்றும் வேலையிலும் பெரும்பகுதி டெண்டருக்குப் போனது.

ஜார்கண்டின் கோட்டா மாவட்டத்தில் ராஜ்மகால் திறந்தவெளிச் சுரங்கம் ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் என்ற அரசு நிறுவனத்துடையது. 2016 டிசம்பர் 29 இரவு, லால்மாட்டியா பகுதியில் சுமார் 95 லட்சம் கன மீட்டர் மண் ஏறக்குறைய 35 மீட்டர் கீழே இறங்கியது. டம்பர்களும் எக்ஸ்கவேட்டர்களும் ஆட்களோடு புதைந்தன. இறந்தவர்கள் 23 பேர், ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள்.

திறந்தவெளிச் சுரங்கத்தில் கரிக்கு மேலே இருக்கும் மண்ணையும் பாறையையும் வெட்டி அப்பால் மலைபோலக் குவிப்பார்கள். அந்தக் குவியலும் வெட்டிய சுவரும் படிக்கட்டு மாதிரி, படிக்கு இவ்வளவு உயரம், இவ்வளவு சாய்வு என்ற கணக்கில் நிற்க வேண்டும். சாய்வு குறைந்தால் குவியல் நிலையாக நிற்கும். ஆனால் அதற்கு அதிக இடம் வேண்டும், டம்பர் அதிக தூரம் போக வேண்டும், டீசல் அதிகம் ஆகும். காண்ட்ராக்டருக்குப் பணம் கன மீட்டர் கணக்கில். டெண்டரில் குறைந்த விலை போட்டவருக்குத்தான் வேலை. குறைத்த விலையை எங்கேயாவது ஈடுகட்ட வேண்டும். டீசல் விலையும் டயர் விலையும் அவர் கையில் இல்லை. கையில் இருப்பது மூன்று: ஓட்டுநரின் சம்பளம், அவர் ஓட்டும் நேரம், மண்மேட்டின் சாய்வு. பெரிய சரிவுக்கு முன்னால் பெரும்பாலும் விரிசல் தெரியும். அந்த விரிசலை முதலில் பார்ப்பவர் அதன்மேல் டம்பர் ஓட்டுகிறவர். நடைக் கணக்கில் காசு வாங்குகிற ஓட்டுநருக்கு, வண்டியை நிறுத்தினால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

இதே ஒப்பந்தச் சங்கிலியால் விபத்துக்குப் பின் பொறுப்பும் சிதறிப்போகிறது. நிறுவனம் காண்ட்ராக்டரைக் கைகாட்டும். காண்ட்ராக்டர் சப் காண்ட்ராக்டரைக் கைகாட்டுவார். அவர், அந்த ஆள் சொன்னபடி கேட்கவில்லை என்பார். சட்டத்தின்படி சுரங்க உரிமையாளரும் முகவரும் மேலாளரும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. ஆனால் விசாரணை முடிந்து வழக்கு நடந்து தீர்ப்பு வருவதற்குள் இறந்தவரின் பிள்ளை வளர்ந்து அதே வேலைக்கு வந்துவிடும்.

ஏலத்தில் போன சுரங்கம்

நேரடியாகத் தனியாருக்குச் சுரங்கம் கொடுப்பது தனிக் கதை. 1993ல் மின் உற்பத்தியாளர்கள் தங்கள் சொந்தத் தேவைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். ஏலமில்லாமல் அள்ளிக் கொடுத்ததில் 214 ஒதுக்கீடுகளை 2014ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2015ல் புதுச் சட்டம் வந்தது. 2018ல் நாட்டுடைமைச் சட்டமே சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. 2020 ஜூன் 18 அன்று, யாரும் வெட்டி யாருக்கும் விற்கலாம் என்ற வணிகச் சுரங்க ஏலம் 41 சுரங்கங்களோடு தொடங்கியது. அதை எதிர்த்து ஜூலை 2 முதல் 4 வரை சுரங்கத் தொழிற்சங்கங்கள், கட்சி வித்தியாசம் பார்க்காமல், மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தன.

இந்த ஏலத்தில், வருவாயில் எத்தனை சதவீதம் அரசுக்குத் தருவேன் என்பதில்தான் போட்டி. அடிப்படை 4 சதவீதம். அதற்கு மேல் ஏற்றிக் கேட்டவருக்குச் சுரங்கம். குறித்த காலத்துக்கு முன்னாலேயே உற்பத்தி தொடங்கினால் அந்த முன்கூட்டிய கரிக்கான வருவாய்ப் பங்கில் பாதி தள்ளுபடி. சீக்கிரம் வெட்டுவதற்குச் சலுகை எழுதியிருக்கிறார்கள். பத்து வருஷம் ஒரு சாவும் இல்லாமல் சுரங்கம் நடத்தினால் இத்தனை சதவீதம் தள்ளுபடி என்றும் எழுதியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். காசுக்கு ஆள் நகர்வார் என்று நம்பித்தானே ஏலமே வைக்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவில் எம்.டி.ஓ. என்று ஒரு முறை இருக்கிறது. சுரங்கம் அரசு நிறுவனத்தின் பெயரில், திறந்து நடத்துவது முழுக்க ஒரு தனியார் நிறுவனம், கூலி டன் கணக்கில். ஒடிசாவில் என்.எல்.சி.யின் தாலபிரா சுரங்கம் இப்படித்தான் நடக்கிறது. அந்தக் கரி தூத்துக்குடி மின் நிலையத்துக்கும் வருகிறது. நெய்வேலிப் பலகையைப் பார்த்து அது நம் சுரங்கம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

துருக்கியின் சோமாவில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும், எம்.டி.ஓ.வுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். சுரங்கம் அரசுடையது. நடத்தியது தனியார் நிறுவனம். எவ்வளவு வெட்டினாலும் அரசே வாங்கிக்கொள்ளும். முன்பு டன்னுக்கு 130, 140 டாலர் ஆன செலவை 24 டாலருக்குக் கீழே இறக்கிவிட்டோம் என்று அந்த முதலாளி 2012ல் பேட்டியே கொடுத்தார். கங்காணி மாதிரி ஆள் சேர்த்து வருகிற தலைவர்கள் அங்கே உண்டு, அவர்களுக்கு ஊக்கத்தொகை உற்பத்தியைப் பொறுத்து. 2014 மார்ச்சில் அரசு ஆய்வு நடந்தது, குறை எதுவும் இல்லை என்றார்கள். மே 13 அன்று உள்ளே தீப்பிடித்து, பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு புகையில், 301 பேர் இறந்தார்கள். 24 டாலர் எப்படிச் சாத்தியமானது என்று பேட்டி வந்த அன்றே யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, அப்படியானால் தனியாரே எமன், அரசே காவல் தெய்வம் என்று முடித்துவிடலாமா? முடியாது. அதே துருக்கியில் 2022 அக்டோபரில் அமஸ்ராவில் வெடித்தது அரசே நேரடியாக நடத்திய சுரங்கம். 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆழம் கூடக் கூட வாயு ஆபத்து கூடுகிறது என்று அரசின் தணிக்கை அமைப்பே 2019ல் எழுதி வைத்திருந்தது. சீனாவில் 2002ல் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 7,000 பேர் நிலக்கரிச் சுரங்கங்களில் இறந்தார்கள். அங்கே டன்னுக்கு இத்தனை சாவு என்று பார்த்தால், ஊருக்கு ஊர் முளைத்த சிறு சுரங்கங்களின் வீதம் பெரிய அரசுச் சுரங்கங்களைவிடப் பல மடங்கு. அந்தச் சிறு சுரங்கங்களை ஆயிரக்கணக்கில் மூடி, மேற்பார்வையை இறுக்கிய பிறகு, உற்பத்தி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியும் 2014ல் சாவு ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. நியூசிலாந்தில் பைக் ரிவர் என்ற தனியார் சுரங்கம் 2010 நவம்பரில் வெடித்து 29 பேர் இறந்தபோது, நாடு முழுவதற்கும் இருந்த சுரங்க ஆய்வாளர்கள் இரண்டே பேர்.

ஆகவே முதலாளி யார் என்பதோடு மேற்பார்வை எவ்வளவு கறார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். என் வருத்தம் என்னவென்றால், நம் நாட்டில் தனியார்மயம் வரும்போது மேற்பார்வையும் சேர்ந்தே தளர்கிறது. ஒரு பெரிய சுரங்கம் இருந்த இடத்தில் ஒரு நிறுவனம், நாலு காண்ட்ராக்டர், அவர்களுக்குக் கீழே எட்டு சப் காண்ட்ராக்டர் என்று பிரிகிறது. தன்பாத்தில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் அத்தனை பேரின் பயிற்சிச் சான்றிதழையும் மருத்துவப் பரிசோதனையையும் துரத்திப் பிடிக்க வேண்டும்.

புள்ளிவிவரம் பார்க்கிறவர்கள் இரண்டு விஷயத்தில் ஏமாறக் கூடாது. பத்து லட்சம் டன்னுக்கு எத்தனை சாவு என்ற கணக்கு, பெரிய இயந்திரம் வந்தாலே இறங்கிவிடும். ஆளின் ஆபத்து குறையாமலே எண் அழகாகத் தெரியும். மூன்று லட்சம் ஆள்-ஷிஃப்டுக்கு (ஒருவர் ஒரு ஷிஃப்ட் பார்த்தால் ஒன்று) எத்தனை சாவு என்ற கணக்கு இன்னும் நேர்மையானது, ஆனால் அது காண்ட்ராக்ட் ஆட்களின் ஷிஃப்டை ஒழுங்காக எண்ணினால்தான்.

காயங்களின் கணக்கு இன்னும் மோசம். அமெரிக்க நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், சங்கம் இருக்கிற சுரங்கங்களில் மரணமும் கைகால் போகிற பெரிய காயமும் குறைவு, பதிவான சிறு காயங்கள் மட்டும் அதிகம் என்று தெரிந்தது. சங்கம் இருந்தால் சின்னக் காயத்தையும் பயமில்லாமல் பதிவு செய்கிறார்கள் என்பதுதான் அதற்குப் பொருத்தமான விளக்கம். மாமாவின் விரல்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மேஸ்திரி ஆட்டோ பிடித்து ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார், வீட்டில் கிரைண்டரில் மாட்டிக்கொண்டது என்று சீட்டில் எழுதியது. பதினைந்து நாள் கூலியைக் கையில் கொடுத்தார்கள். அந்த வருஷம் அந்த பெல்ட்டில் விபத்து பூஜ்யம்.

எண்ணூரிலும் அதே சங்கிலி

2025 செப்டம்பர் 30 மாலை, எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்தில் இருந்த இரும்பு வளைவு சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். நிலையம் மாநில மின் நிறுவனத்துடையது. கட்டும் பொறுப்பு ஒரு மத்தியப் பொதுத்துறை நிறுவனத்துக்கு. உயரத்தில் நின்றவர்கள் பிழைப்பு தேடி வந்த புலம்பெயர் தொழிலாளர்கள். அதற்கு முந்தைய டிசம்பரில் மேட்டூர் அனல் மின் நிலையத்தில் கரி சேர்த்து வைக்கும் பங்கர் சரிந்து இரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2020 மே, ஜூலை மாதங்களில் நெய்வேலியில் அடுத்தடுத்து இரண்டு கொதிகலன் விபத்துகள், பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். எல்லாமே அரசு நிறுவனங்கள். ராஜ்மகாலில் பார்த்த அதே சங்கிலி இங்கே கடற்கரை வரைக்கும் நீண்டு கிடக்கிறது.

1918ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான வட சென்னை இது. இங்கேயே இன்று ஒரு கேட்டுக்குள் நூறு பேர் போனால் பத்து காண்ட்ராக்டரின் பெயர் பத்து நிறச் சட்டையில் எழுதியிருக்கிறது. பச்சைச் சட்டைக்காரர் விழுந்தால் நீலச் சட்டைக்காரரின் சூப்பர்வைசர் அது தன் ஆள் இல்லை என்கிறார். ஒரே பெல்ட்டின் இரண்டு முனையில் வேலை செய்கிறவர்கள் ஒரே சங்கத்தில் சேர முடிவதில்லை.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் அமலுக்குக் கொண்டுவந்தது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் இப்போது பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் முன்பு 20 பேர் இருந்தாலே பொருந்தும், இனி 50 பேர் வேண்டும். சின்னச் சின்னதாக உடைத்து சப் காண்ட்ராக்ட் கொடுக்கும் தொழிலில் இந்த மாற்றம் யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

நான் அந்தத் தொகுப்பில் முதலில் தேடியது கயிற்றைத்தான். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. முதலாளி உடனே சரிசெய்ய வேண்டும். ஆபத்தே இல்லை என்று முதலாளி நினைத்தால், ஆய்வாளர் முடிவு செய்வார். அதுவரை தொழிலாளி எங்கே நிற்க வேண்டும்? விரிசலுக்குக் கீழேயா, மேலேயா? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 176ஆம் உடன்படிக்கை, 1995ல் சுரங்கத் தொழிலாளர்களுக்காகவே எழுதியது, இதை நேராகச் சொல்கிறது: ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் அந்த இடத்தை விட்டு விலகிப்போக அவருக்கு உரிமை உண்டு. சோமாவுக்குப் பிறகு, 2015ல், துருக்கி அதை ஏற்றது. இந்தியா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

சுரங்க ஏல ஒப்பந்தத்திலோ மேல்மண் டெண்டரிலோ இதை எழுதச் சட்டம் தடுக்கவில்லை. வேலையை நிறுத்தியதற்காக யாரையும் நீக்கக் கூடாது, நின்ற நேரத்துக்குக் கூலி உண்டு, பாதுகாப்புச் செலவை விலைப் போட்டியிலிருந்து பிரித்துத் தனியாகத் தர வேண்டும். இந்த மூன்று வரி போதும். விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டும், அந்தக் கரியில் எரியும் விளக்கின் கீழ் உட்கார்ந்து எழுதுகிறவன் என்ற முறையில் என் பங்கு அதில் ஏறினால் எனக்குச் சம்மதம்.

மாமா இப்போது மண்வெட்டி பிடிப்பதில்லை. அதே காண்ட்ராக்டரிடம் புதுப் பையன்களுக்கு வேலை காட்டுகிறார். போன மாதம் ஒரு பையன் வந்திருக்கிறான், ஒடிசாக்காரன். ஊர் எது என்று கேட்டதற்கு அங்குல் என்றானாம். அவர்கள் நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டதாம். இவருக்கு ஒடியா தெரியாது, அவனுக்குத் தமிழ் வராது. முதல் நாள் காலையில் அவன் கையைப் பிடித்துக் கூண்டுக்குள் கூட்டிப்போய், பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் கையைக் கயிற்றின் மேல் வைத்து, தானும் சேர்ந்து இழுத்திருக்கிறார். பெல்ட் நின்றது. யார் நிறுத்தியது என்று வாக்கி டாக்கியில் கேட்டார்கள். நான்தான் என்று மாமா சொன்னாராம்.